நின்ற இடத்தில் நடுங்கும் கார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் சாலையை அறியாதவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், அவற்றின் பின்னே பூப்பாறைக்கும் மூணாறுக்கும் செல்லும் பேருந்துகள், எதிரே இறங்கி வரும் லாரிகள். இந்தச் சாலையில் ஒரு வளைவில் எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிற்கும்போது எந்திரம் தானாக அணைந்து போனால் என்ன பாடு என்பதை ஓட்டியவரிடம் கேட்க வேண்டும். ஒரு கால் பிரேக்கில், ஒரு கை கைப்பிரேக்கில், பின்னால் நிற்கும் லாரியின் ஹாரன் காதில்! மீண்டும் கிளப்பி, கிளச்சை விட்டு எடுப்பதற்குள் வண்டி ஓரடியேனும் பின்னால் உருண்டுவிடும். அந்த ஓரடி எல்லா வளைவிலும் கிடைக்காது.

காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்த பின்னும் எந்திரம் அணையாமல் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதைப் பட்டறைகளில் 'ஸ்லோ ஸ்பீடு' என்றும் 'ஐடிலிங்' என்றும் சொல்கிறார்கள். இன்று விற்கும் பெட்ரோல் கார்களில் இதை ஒரு மின்னணுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. டீசல் ஜீப்புகளில் கார்புரேட்டரே இல்லை. எனவே நாம் பேசப்போவது பழைய வண்டிகளைப் பற்றியே. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, தோட்டக்காரர்கள் சிலர் இன்னும் கைவிடாத பெட்ரோல் ஜீப்பு ஆகியவையே அவை. ஆனால் கார்புரேட்டர் செத்துப்போன பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வரும்வரை விற்ற மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அதுதான் இருந்தது. ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் முதுகுப் பம்பிலும், களை வெட்டும் எந்திரத்திலும் அது இன்றும் இருக்கிறது.

என் தாய்மாமன் போடியில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அங்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பெர்னூலி என்ற பெயரைக் கேட்டதில்லை. நானோ அந்தத் தத்துவத்தைப் பத்து மதிப்பெண் விடையாக எழுதியவன். இக்கட்டுரையில் கணக்கு என்னுடையது, கைப்பக்குவம் அவருடையது.

முதலில் கார்புரேட்டர் செய்யும் வேலையைப் பார்ப்போம். குழாயின் ஒரு பகுதி குறுகலாக இருந்தால் அங்கே காற்றின் வேகம் கூடும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலின் சாரம் இது. அந்தக் குறுகலுக்கு இத்தாலிய அறிஞர் வெஞ்சுரியின் பெயரே நிலைத்துவிட்டது. குறுகலில் ஒரு நுண்துளையை வைத்து, அதைப் பெட்ரோல் கிண்ணத்தோடு இணைத்துவிட்டால், கிண்ணத்தின் மீதுள்ள வெளிக்காற்றின் அழுத்தமே பெட்ரோலைத் துளை வழியாகத் தள்ளித் தூவிவிடும். 1893-இல் ஹங்கேரியின் பாங்கி, சொங்கா என்னும் இருவர் இத்தகைய கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற்றனர். வீதியில் ஒரு பூக்காரி வாயால் நீரை ஊதிப் பூக்களுக்குத் தெளித்ததைக் கண்டு இந்த எண்ணம் உதித்ததாக ஒரு கதை வழங்குகிறது. நம்மூரில் இஸ்திரி போடுபவர் வாயில் நீர் வைத்துத் துணிமேல் ஊதுவதைக் கண்டவர்களுக்கு அக்கதை வியப்பாக இராது.

ஐடிலிங்கில் மட்டும் இந்த ஏற்பாடு பயன்படாது. ஆக்சிலேட்டரை விட்டவுடன் திராட்டில் என்னும் வட்டத் தகடு குழாயை ஏறக்குறைய முழுதும் அடைத்துவிடுகிறது. குறுகலில் காற்று ஊர்ந்து செல்கிறது. பெட்ரோலை இழுக்க அதற்கு வலு இல்லை. ஆனால் தகட்டுக்குக் கீழே, எந்திரத்தின் பக்கம், வலுவான வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடத்தைக் கொண்டு தனியாக ஒரு சிறு வழியில் பெட்ரோலை எடுப்பார்கள். அந்த வழியின் வாசல்தான் 'பைலட் ஜெட்'. சோலெக்ஸ் கார்புரேட்டரில் அதன்மேல் பொறித்துள்ள எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்காகக் காட்டும். 50 என்றிருந்தால் அரை மில்லிமீட்டர். ஒரு மணல் துகள் போதும், அதை அடைக்க!

ஐடிலிங்கில் மட்டும் கோளாறுகள் பெரிதாகத் தெரிவது ஏன்? அம்பாசிடரின் பெட்ரோல் எந்திரத்தையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் கொள்ளளவு 1,489 சி.சி.; நான்கு சிலிண்டர்; நான்கு வீச்சு. நிமிடத்துக்கு 700 சுற்று, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் ஐந்தில் இரண்டு பங்கு என்று கொண்டால், அது நொடிக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் வெளிக்காற்றையே உட்கொள்கிறது. இப்போது எங்கோ ஒரு கேஸ்கெட் கிழிந்து 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை அளவுக்குக் காற்று கசிகிறது என்போம். அவ்வளவு பெரிய அழுத்த வேறுபாட்டில் அந்தத் துளை வழியே நொடிக்குச் சுமார் அரை லிட்டர் காற்று ஒலியின் வேகத்தில் பாயும். மொத்தக் காற்றில் அது ஏழில் ஒரு பங்கு! பெட்ரோல் கலக்காத வெறுங்காற்று. கலவை நீர்த்துப்போய் எந்திரம் நடுங்காமல் என்ன செய்யும்? அதே வண்டி 3,000 சுற்றில் முழுத் திராட்டிலில் ஓடும்போது நொடிக்கு முப்பது லிட்டர் அளவு காற்றை இழுக்கிறது. அப்போது உள்ளே வெற்றிடமும் மிகக் குறைவு. அந்தத் துளையால் ஒன்றும் ஆகாது. "ஓடும்போது நல்லாத்தான் இருக்கு, நிறுத்தினாத்தான் உதறுது" என்று வண்டிக்காரர்கள் சொல்வதன் பொருள் இதுவே.

இனி மலைக்கு வருவோம். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு அதைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் மேலே. அவ்வளவு ஏறும்போது காற்றழுத்தம் ஏறத்தாழ 11 விழுக்காடும், அடர்த்தி 9, 10 விழுக்காடும் குறைகின்றன. கார்புரேட்டர் காற்றைப் பருமனால் அளக்கிறதே தவிர எடையால் அளப்பதில்லை. காற்று மெலியும், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கணக்கில் இது அடர்த்தி விகிதத்தின் வர்க்க மூலமாக வருகிறது. ஆகவே போடியில் சரியாக வைத்த கலவை போடிமெட்டில் ஏறக்குறைய 5 விழுக்காடு கெட்டியாகிவிடும். பெட்ரோல் வாடை, கரிந்த பிளக், குதித்துக் குதித்து ஓடும் ஐடிலிங் எல்லாம் இதனால் வரலாம். மேலே வைத்த கலவையோ கீழே இறங்கும்போது நீர்த்துப்போகும். வெற்றிட மானி வைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் அதன் அளவு ஓர் அங்குலம் குறையும். போடியில் 18 அங்குலம் காட்டும் நல்ல எந்திரம் போடிமெட்டில் 15 தான் காட்டும். அதைக் கண்டு எந்திரத்தைப் பிரித்தால் நட்டம் வண்டிக்காரருக்கு.

இப்போது பட்டறைக்குள் போகலாம். நடுங்கும் வண்டி வந்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது கார்புரேட்டரின் திருகைத் திருப்புவது. மாமாவிடம் அது நடக்காது. "டேய் மாப்ள, வயித்து வலின்னு வந்தவனுக்குப் பல்லையா புடுங்குவ? முதல்ல கேளு" என்பார். கேட்பது என்றால் காதால் கேட்பதுதான். ஒரே சீரான தாளத்தில் ஒரு துடிப்பு மட்டும் தவறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் கோளாறு. தாளமே இல்லாமல் ஏறி இறங்கினால் கலவைக் கோளாறு. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைப் புகைபோக்கி வாயருகே பிடிப்பார். காகிதம் சீராகத் தள்ளப்பட வேண்டும். இடையிடையே உள்ளே இழுத்து ஒட்டினால் வெளியேற்று வால்வு கருகியிருக்க வாய்ப்பு உண்டு; அதற்குக் கார்புரேட்டரில் மருந்து இல்லை.

அடுத்து மின்பொறி. கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பல இங்கேயே குணமாகிவிடுகின்றன. அம்பாசிடரில் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளி பதினைந்து தௌ, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர்; பிளக்கின் இடைவெளி இருபத்தைந்து தௌ, சுமார் 0.64 மில்லிமீட்டர். பாயிண்ட் குழி விழுந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிராமல் மாற்றிவிடுவதே நல்லது. கண்டென்சரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் மாட்டியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். சர்வீசுக்குப் போய் வந்த மறுநாளே நடுக்கம் தொடங்கியிருந்தால் இது மிகவும் முக்கியம்.

பிளக்கைக் கழற்றினால் அது ஒரு வாக்குமூலம் போலப் பேசும். காப்பிப்பொடி நிறம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை கெட்டி. வெளுத்திருந்தால் கலவை நீர்ப்பு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்திருக்கும்.

பிறகு எந்திரம் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்க்கும் சோதனை. பல்லாயிரம் வோல்ட் பாயும் இடமாதலால் நன்கு காப்பிட்ட குறடு இல்லாமல் கை வைக்கலாகாது. நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எந்திரம் உடனே தளரும். ஏற்கனவே செத்த சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஒரு மாற்றமும் தெரியாது. குற்றவாளி அதுதான்.

இந்த இடத்தில் கடந்த ஆண்டு எங்கள் பட்டறைக்கு வந்த ஓர் அம்பாசிடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருடையது. "மேஸ்திரி, மேலே தோட்டத்துல ஓரளவு நிக்குது. போடிக்கு இறங்கினாப் போதும், காய்ச்சக்காரன் மாதிரி உதறுது. மூணு இடத்துல பாத்தாச்சு. கார்புரேட்டரே போச்சுன்னு சொல்றாங்க. அது கிடைக்கலைன்னா எடைக்குப் போட்டுரலாம்னு பையன் சொல்றான்" என்றார். சொல்லும்போது அவர் கை பானட்டின் மேல் இருந்தது. அவருடைய அப்பா வாங்கிய வண்டியாம்.

மாமா பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். ஒன்றும் இரண்டும் வெள்ளை. மூன்றும் நான்கும் கரி! ஒரே கார்புரேட்டர் நான்கு பேருக்கும் பரிமாறும்போது இரண்டு பேருக்குப் பட்டினியும் இரண்டு பேருக்கு அசீரணமும் வருவது எப்படி? வயர் சோதனையிலும் அதுவே. மூன்றையும் நான்கையும் கழற்றியபோது எந்திரம் துவண்டது. ஒன்றையும் இரண்டையும் கழற்றியபோது பெரிதாக ஒன்றும் நேரவில்லை.

"ஒரு வாசல், ரெண்டு வீடு" என்றார் மாமா. அம்பாசிடரின் எந்திரம் பிரிட்டிஷ் மோரிஸ் வழி வந்தது. அதன் தலைப்பகுதியில் கலவை நுழைய நான்கு வழிகள் இல்லை, இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் முன்வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மூன்றும் நான்கும் பின்வழியை. எனவே முன்வழியின் முகப்பில் காற்று கசிந்தால் பட்டினி கிடப்பது ஒன்றும் இரண்டுமே. இதே அறிகுறி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஹெட் கேஸ்கெட் போனாலும் வரும். ஆகவே கம்ப்ரெஷன் பார்த்தோம். நான்கும் ஏறத்தாழச் சமம். பிறகு ஓர் எண்ணெய்க் குப்பியால் மேனிஃபோல்டின் முன்முகப்பில் சில சொட்டு எந்திர எண்ணெயை விட்டார். எண்ணெய் விளிம்பில் நில்லாமல் உள்ளே உறிஞ்சப்பட்டது. அந்தச் சில நொடிகள் எந்திரத்தின் சத்தம் மாறிச் சீரானது. கழற்றினால் கேஸ்கெட்டின் ஓரம் கருகி உதிர்ந்திருந்தது. நட்டுகளில் ஒன்று கையாலேயே சுற்றியது. (இந்தச் சோதனையைச் சிலர் பெட்ரோலை ஊற்றிச் செய்வார்கள். அதே இடத்தில் சுடச்சுட வெளியேற்றுக் குழாயும் இருக்கிறது. தீப்பிடிப்பதற்கு வேறு முகூர்த்தம் வேண்டாம்.)

மேலே ஓரளவு நின்றதற்கும் கீழே உதறியதற்கும் விடை இப்போது எளிது. கசிவு கலவையை நீர்க்க வைத்தது. மலை அதைக் கெட்டியாக்கியது. தோட்டத்தில் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடு செய்தது. போடியில் மலையின் உதவி இல்லை. கீழே பார்த்தவர்கள் கலவைத் திருகைத் தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டினார்கள். ஒன்று, இரண்டின் பட்டினி முழுதும் தீரவில்லை. மூன்று, நான்கு கரியில் மூழ்கின. புதிய மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் விலை, அந்த வண்டி ஒருமுறை தோட்டத்துக்குப் போய்வரும் பெட்ரோல் செலவைக்கூட எட்டவில்லை. வண்டி எடைக்குப் போகவில்லை.

காற்றுக் கசிவுக்கு வேறு இடங்களும் உண்டு. கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வெற்றிடக் குழாயின் வெடித்த ரப்பர், ஆண்டுக்கணக்கில் ஆடித் தேய்ந்த திராட்டில் தண்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு முரட்டுச் சோதனை இருக்கிறது. எந்திரம் ஓடும்போது கார்புரேட்டரின் காற்று வாயை உள்ளங்கையால் மெல்லப் பாதி மூடினால், நடுக்கம் குறைந்து சீரானால் கலவை நீர்ப்பு. உடனே திணறினால் அது ஏற்கனவே கெட்டி.

கசிவு இல்லை, பொறியும் நலம் என்றால் அப்போதுதான் கார்புரேட்டரின் முறை. சோக்கை இழுத்தால் நிற்கிறது, விட்டால் சாகிறது என்ற வண்டியில் பெரும்பாலும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். அதைக் கழற்றிக் காற்றால் ஊத வேண்டும், கம்பியால் குத்தலாகாது. பித்தளை மென்மையானது, துளை நூற்றில் ஐந்து மில்லிமீட்டர் பெருத்தாலும் அளவு பாழ். மாறாகக் கறும்புகையும் பெட்ரோல் வாடையும் இருந்தால் கிண்ணத்தின் ஊசி வால்வு சரியாக மூடவில்லை, அல்லது மிதவை ஓட்டையாகிப் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. மிதவையைக் காதருகே ஆட்டினாலே உள்ளே தளும்புவது கேட்கும்.

எரிபொருளும் இப்போது மாறிவிட்டது. 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. தூய பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இக்கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். பழைய ஜெட் பழைய விகிதத்திலேயே ஊற்றுகிறது. ஆகவே எந்திரத்தின் கணக்கில் கலவை சுமார் 8 விழுக்காடு நீர்த்துவிடுகிறது. போடிமெட்டு தரும் 5 விழுக்காடு கெட்டியைக் கழித்தால் மலை மேல் உள்ளவர்களுக்குப் பாதிக்கு மேல் ஈடாகிவிடுகிறது! சமவெளிக்காரருக்கு அந்தப் பேறு இல்லை. திருகைச் சிறிது தளர்த்த வேண்டியிருக்கும். எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பரை ஊதவோ விறைக்கவோ செய்யும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் கிண்ணத்தில் வெண்பொடி படிவதும், பைலட் ஜெட் அடைவதும் அதனால்தான். நீண்ட நாள் நிறுத்துவதானால் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

மலை ஏறி டீக்கடை முன் நிறுத்திய சூடான வண்டி, கிளம்பும்போது மட்டும் உதறினால் அது வேறு கதை. போடிமெட்டில் நீரே 95 பாகையை ஒட்டிக் கொதித்துவிடும். பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கிண்ணத்திலும் ஏ.சி. பம்பிலும் அது ஆவியாகிக் குமிழியிடுகிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் காத்திருக்கும் பழைய ஓட்டுநர்களின் வழக்கம் முற்றிலும் இயற்பியலே.

எல்லாம் பார்த்த பின்னர், கடைசியாகத் திருகு. எந்திரம் நன்கு சூடேறியிருக்க வேண்டும். டப்பெட் இடைவெளி முன்பே சரி செய்திருக்க வேண்டும். சோலெக்ஸில் கலவைத் திருகை வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும். மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் பலவற்றில் இருப்பது காற்றுத் திருகு. அங்கே இது தலைகீழ். எது என்று தெரியாமல் தொடக்கூடாது. அணைத்த எந்திரத்தில் திருகை மெல்ல இறுதிவரை முடுக்கி (அழுத்தி முடுக்கினால் முனை வடுப்படும்), ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தித் தொடங்கலாம். வேகத் திருகால் 700 சுற்றளவில் நிறுத்திக் கலவைத் திருகை இருபுறமும் கால்சுற்றாகத் திருப்பிப் பார்த்தால், ஓரிடத்தில் எந்திரம் தானே வேகம் கூடிச் சீராகும். அங்கே நிறுத்தி, கூடிய வேகத்தை வேகத் திருகால் குறைத்து, மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும்.

மலைக்கும் ஊருக்கும் அலையும் வண்டிக்கு எங்கே வைத்துச் சரி செய்வது? வண்டி இரவில் எங்கே உறங்குகிறதோ அங்கே என்பது மாமாவின் விதி. குளிரில் கிளப்புவதும் நின்றபடி ஓடுவதும் அங்கேதான் அதிகம் என்பது அவர் சொல்லும் காரணம். தோட்டத்து வண்டியானால் அவரே மேலே போய்ச் செய்துவிட்டு வருகிறார். ஒன்றை மட்டும் எங்கே போனாலும் கண்டிப்பாகச் சொல்வார். கெட்டிக் கலவையில் நின்று ஓடும் எந்திரம் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மழையோ பனியோ, வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் அவர் திருப்புளியைக் கையில் எடுக்கிறார்.